கிதியோனின் தோலும் அண்ணன் வீடும்

அன்புள்ள ஐயா,

தோத்திரங்கள். அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்ததில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. லெந்து எனும் தவக்கால நாட்களில் ஜெபிக்கும்போது, நான் போய் அவரோடு ஒப்புரவாக வேண்டும் என்று உணர்த்தப்பட்டேன். இது தேவசித்தம்தானா என்று அறிய, வேதாகமத்தில், களத்தில் போட்ட தோலின்மேல் மட்டும் பனி பெய்யவேண்டும் என்று தேவனிடம் கேட்ட கிதியோனைப் போல ஓர் அடையாளம் கேட்டுக் காத்திருக்கிறேன். எங்கள் போதகரோ, தாமதித்துக் கீழ்ப்படிவது கீழ்ப்படியாமைதான் என்கிறார். அவசரம் விசுவாசமாகுமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

உங்கள் போதகர் சொன்னதை நான் எல்லாவற்றுக்கும் பொருத்த மாட்டேன். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி ஒருவருக்கு ஏவுதல் உண்டானால், அவர் மனைவியோடும் சபை மூப்பரோடும் பேசி, ஜெபித்துக் காத்திருப்பதே முறை. உங்கள் காரியத்தில் அப்படிச் சோதித்தறிய என்ன இருக்கிறது? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் எழுதியே இருக்கிறதே.

கிதியோனை எடுத்துக்காட்டுகிறவர்கள், அவன் தோலைக் களத்தில் போடும்போது சொன்னதைக் கவனிப்பதில்லை. 'தேவரீர் சொன்னபடி' என்றே அவன் ஆரம்பிக்கிறான். அதாவது, கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவனுக்குக் கட்டளை கிடைத்துவிட்டது. இரண்டாம் முறை கேட்கும்போது, கர்த்தருடைய கோபம் தன்மேல் மூளக்கூடாதே என்று அவனே கூசுகிறான். கர்த்தர் பொறுத்துக்கொண்டது அவருடைய இரக்கம். அதை நாம் வழிமுறையாக்கிக்கொண்டோம்.

தாமதம் என்ன செய்யும் என்பதைக் கானானின் எல்லையருகே இருந்த காதேஸ்பர்னேயாவில் பார்க்கலாம். கற்பனைகள் கொடுக்கப்பட்ட ஓரேப் மலையிலிருந்து அங்கே 11 நாள் பிரயாணம். கானானுக்குள் போகச் சொன்ன நாளில் இஸ்ரவேல் ஜனங்கள் அழுது மறுத்தார்கள். இனி வனாந்தரத்தில்தான் திரியவேண்டும் என்ற தண்டனையைக் கேட்டதும், மறுநாள் அதிகாலமே எழுந்து, 'இதோ போகிறோம்' என்று மலையேறினார்கள். மகனைப் பலியிடும்படி தேவன் சொன்ன மோரியாவுக்குப் புறப்பட்ட ஆபிரகாமும் அதிகாலையில்தான் எழுந்து கழுதைக்குச் சேணங்கட்டினான். இரண்டும் விடியற்காலைதான், ஆனால் இந்த ஜனங்கள் எழுந்தபோது கட்டளை மாறிவிட்டிருந்தது. மோசே தடுத்தும் கேளாமல் போனவர்கள் ஓர்மா என்ற இடம் வரைக்கும் முறியடிக்கப்பட்டார்கள். அதன்பின் வழியிலிருந்த சேரேத் ஆற்றைக் கடக்க 38 வருஷம் சென்றது.

மத்தேயுவுக்கு வருகிறேன். இயேசு அதைக் கலிலேயாவில் சொன்னார். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருவன், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுத் திரும்பிப்போவதென்றால், குறைந்தது மூன்று நாள் நடை. தொழுகையை முடித்துவிட்டுப் போகலாம் என்றுகூட அவர் இடம் கொடுக்கவில்லை. மேலும், 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவுகூர்ந்தால் போ என்கிறார். பிழை யார்மேல் என்ற விசாரணையே அங்கில்லை. அண்ணன் கதவைத் திறப்பாரா என்பதும் உங்கள் பொறுப்பில் சேர்ந்ததல்ல.

ஆகவே, அடுத்த திருவிருந்துக்கு முன் போய்விடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை மட்டும் கையில் எடுத்துப் போக வேண்டாம். அந்தக் கணக்கை வேறொரு நாள் பேசலாம். அதற்கு வேண்டுமானால் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்.