வி.எல்.சி. வீடியோ பிளேயரை இரண்டு முறை அழித்துவிட்டுப் போட்டும் 4கே படம் திக்குகிறது, தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது. என்ன செய்வது?

நீங்கள் தந்த விவரம்: விண்டோஸ் 10, இன்டெல் ஐ5 6-ஆம் தலைமுறை, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 20 ஜிபி அளவுள்ள இரண்டு மணி நேர எம்கேவி ஃபைல்.

மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்வதை முதலில் நிறுத்துங்கள். வி.எல்.சி. உட்கார்ந்திருப்பது புரோகிராம் ஃபைல்ஸில். அதன் செட்டிங்ஸ் உட்கார்ந்திருப்பது உங்கள் யூசர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில். மென்பொருளை அழித்தாலும் அந்த செட்டிங்ஸ் தானாகப் போகாது. புதிதாகப் போட்ட வி.எல்.சி. அந்தப் பழைய கோளாறையே எடுத்துக்கொண்டு எழும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் இருக்கும் விஎல்சி ஃபோல்டரை, வி.எல்.சி.யை மூடிவிட்டு, அழியுங்கள். புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

இனி திக்கலுக்கு வருவோம். படம் ஓடும்போது கண்ட்ரோலும் ஜே-யும் அழுத்துங்கள். வீடியோ பகுதியில் கோடெக் (வீடியோவைச் சுருக்கி, விரிக்கும் முறை) எச்.இ.வி.சி. என்றும், ரெசல்யூஷன் 3840 × 2160 என்றும், டிகோடட் ஃபார்மட் வரியில் 10-பிட் (8-பிட்டைவிட நுட்பமான நிற அளவு) என்றும் இருந்தால் விஷயம் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. உங்கள் 6-ஆம் தலைமுறை சிப்பின் உள் கிராபிக்ஸ் 8-பிட் எச்.இ.வி.சி.யைத் தானே பிரித்துவிடும். 10-பிட்டுக்கான முழு வன்பொருள் வசதியை இன்டெல் கொடுத்தது 7-ஆம் தலைமுறையிலிருந்துதான். அது இல்லாதபோது மொத்தச் சுமையும் பிராசஸரின் தலையில் விழுகிறது.

சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபைத் திறந்து, படம் ஓடும்போது ஜிபியூவின் (கிராபிக்ஸ் சிப்பின்) வீடியோ டிகோட் வரைபடத்தைப் பாருங்கள். அது தரையோடு தரையாகக் கிடந்து, சிபியூ (பிராசஸர்) மட்டும் 90 சதவீதத்துக்கு மேல் துடித்தால் கிராபிக்ஸ் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க் மெதுவோ என்று பலர் நினைப்பார்கள். 20 ஜிபியை இரண்டு மணி நேரத்தால் வகுத்தால் நொடிக்கு 3 எம்பி-கூட வராது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கே அது தூசு. அதில் காசைப் போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால், கிராபிக்ஸை இயக்கும் இன்டெல் டிரைவர் மென்பொருள் ஏறவே இல்லை. அதைப் போடாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. டிரைவர் சரியாக இருந்தால் வி.எல்.சி.யில் கண்ட்ரோலும் பி-யும் அழுத்தி, இன்புட்/கோடெக்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்ற இடத்தில் டைரக்ட்3டி11-ஐத் தேர்ந்தெடுங்கள். சேமித்து, வி.எல்.சி.யை மூடித் திறந்து பாருங்கள். பச்சைத் திரை, கறுப்புத் திரை வந்தால் டி.எக்ஸ்.வி.ஏ. 2.0-வுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் திக்கினால் அந்த ஃபைலுக்கு அந்த சிப் போதாது. அதே படத்தின் 1080பி பிரதி இருந்தால் அதை ஓட்டுங்கள். பிக்ஸல் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகிவிடும், உங்கள் ஐ5 சிரமமில்லாமல் ஓட்டும். 4கே-தான் வேண்டுமென்றால், 10-பிட் எச்.இ.வி.சி. தெரிந்த கார்டு ஒன்று போட வேண்டியிருக்கும். என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 1050, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 460 தொடங்கி மேலே எதுவும் போதும். கோடெக் பேக் எதையும் தேடிப் போடாதீர்கள். வி.எல்.சி. தன் கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது, வெளியில் இருப்பதை அது சீண்டவே சீண்டாது.

சப்டைட்டில் விஷயத்தில் திரையில் என்ன தெரிகிறது என்பதை உற்றுப் பாருங்கள், நோய் அதிலேயே தெரியும். வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை. வி.எல்.சி. விண்டோஸில் இயல்பாக எடுக்கும் ஏரியலில் தமிழ் எழுத்தே கிடையாது. கண்ட்ரோல் பி, சப்டைட்டில்ஸ்/ஓ.எஸ்.டி., அங்கே ஃபான்ட்டை நிர்மலா யூஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கூடவே வருகிறது. கட்டம் போய், கொம்பு மட்டும் இடம் மாறி நின்றால் உங்களிடம் இருப்பது 3.0-க்கு முந்தைய பதிப்பு. புதியதைப் போடுங்கள்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் திரும்பத் திரும்ப வந்தால் அது என்கோடிங் சிக்கல், அதாவது எழுத்துகளை ஃபைலில் எண்களாகப் பதிந்த முறையை வி.எல்.சி. தவறாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு பதிவு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே என்பதால்தான் அந்த ஏ விடாமல் வருகிறது. அதே டேபில் டிஃபால்ட் என்கோடிங்கை யூனிவர்சல் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். பாதிப் படம் வரை நன்றாக வந்து திடீரென்று குப்பையானால், அந்த இடத்தில் ஒரு பைட் பிசகியிருக்கிறது. ஒரே ஒரு தவறான வரியைக் கண்டாலும் வி.எல்.சி. தன் தானியங்கிக் கண்டறிதலை அணைத்துவிடும். எஸ்.ஆர்.டி. எனப்படும் சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறந்து அந்த வரியைத் திருத்தி, சேவ் அஸ் கொடுத்து யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

இன்னொரு வகை உண்டு: சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரும். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியது. வி.எல்.சி.யில் என்ன மாற்றினாலும் அது சரியாகாது. யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டு எடுத்தால்தான் உண்டு.

புதிய பதிப்பை, வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்தே எடுங்கள். 2022-இல் அந்தத் தளம் இந்தியாவில் சில மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கிவிட்டது. அந்த நாட்களில் வேறு தளங்களில் இறக்கிய இன்ஸ்டாலர் இன்னும் உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். புதிதாக இறக்கியதையும் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேபைப் பாருங்கள். கையெழுத்திட்டவர் வீடியோலேன் என்று இருக்க வேண்டும். டேபே இல்லையென்றால் ஓட்டாதீர்கள். விண்டோஸ் 64-பிட் என்றால் 64-பிட் இன்ஸ்டாலரையே எடுங்கள்.