உப்புத் தண்ணி ஊர்ல ஆர்க்கிட் வளருமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டுக்குள்ள வைக்கிற பூச்செடிகள் பத்தி எழுதினதுல இருந்து ஆர்க்கிட் பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. கேட்டவங்க எல்லாருமே நம்ம ராமநாதபுரம் கடலோரத்துக்காரங்க. அதனால பதிலும் நம்ம தண்ணி, நம்ம காத்து, நம்ம வெயிலை வச்சுத்தான். ஊட்டிக்காரங்க, பெங்களூர்க்காரங்க போடுற வீடியோவைப் பாத்து அப்படியே செஞ்சா இங்க செடி நிக்காது.

கேள்வி: அக்கா, மதுரையில ஒரு நர்சரியில ஃபலனாப்சிஸ்ங்கிற ஆர்க்கிட் ரகத்துல வெள்ளைப்பூச் செடி ஒண்ணு வாங்கிட்டு வந்து ஹால்ல டிவி பக்கத்துல வச்சேன். பூ இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப இலை நுனி கருகுது, அடி இலை மஞ்சளாகித் தொங்குது. வெயில் ஜாஸ்தின்னு தினமும் ஒரு டம்ளர் போர் தண்ணி ஊத்துறேன். வெயில் தாங்காமத்தான் இப்படி ஆகுதா? (ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வெயில் இல்லம்மா, தண்ணிதான். ரெண்டு விதத்துல தப்பா போகுது, ஒண்ணு உப்பு, இன்னொண்ணு தினமும் ஊத்துறது.

ஃபலனாப்சிஸ் மண்ணுல வளர்ற செடியே கிடையாது, காட்டுல மரக்கிளையைப் பிடிச்சுக்கிட்டு வேரைக் காத்துல விட்டு வளர்றது. மரத்துக்கிட்ட இருந்து சாப்பாடும் எடுத்துக்காது, வெறும் பிடிமானம்தான். அதோட வேரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, மேல மெத்துன்னு வெள்ளையா ஒரு உறை இருக்கும், மழை பேஞ்சதும் சட்டுன்னு தண்ணியை உறிஞ்சிட்டு அப்புறம் காத்துல காயுறதுக்காக ஏற்பட்டது அது. ஈரம் இருந்தா உள்ள இருக்குற பச்சை தெரியும், காஞ்சா வெள்ளி மாதிரி வெளுத்துடும். நாள் கணக்கு எல்லாம் வேணாம், வேர் வெளுத்திருந்தா ஊத்துங்க, பச்சையா இருந்தா விட்டுடுங்க, அவ்வளவுதான். இதுக்காகவே ஆர்க்கிட்டை உள்ள தெரியுற பிளாஸ்டிக் தொட்டியில வைக்கச் சொல்றேன், தொட்டியை எடுத்துப் பாத்தாலே வேர் பதில் சொல்லிடும். பொதுவா சித்திரை, வைகாசி காத்துல வாரம் ரெண்டு மூணு தடவை வேண்டியிருக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில வாரம் ஒரு தடவையே ஜாஸ்தி.

அடுத்தது உப்பு. நம்ம கடலோரத்துப் போர் தண்ணியில டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, ஆயிரத்தைத் தாண்டுறது சாதாரணம், ஆர்க்கிட்டுக்கு இருநூறுக்குள்ள இருந்தாத்தான் நல்லது. உப்புத் தண்ணி ஊத்த ஊத்த தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிடும், அப்புறம் வேர் நுனி கருகும், அது இலை நுனியில தெரியும். உங்க தொட்டியில கரி மேல வெள்ளைப் பொருக்கு படிஞ்சிருக்கான்னு பாருங்க, இருந்தா சந்தேகமே வேணாம்.

அப்ப எந்தத் தண்ணி ஊத்துறது? மழைத்தண்ணிதான் முதல். ஐப்பசியில வர்ற முதல் ஒண்ணு ரெண்டு மழையை விட்டுடுங்க, அது மாடியில படிஞ்ச தூசியையும் உப்பையும் கழுவிக்கிட்டு வரும். அதுக்கப்புறம் பேயுறதை டிரம்ல பிடிச்சு, கொசு போகாம துணி கட்டி மூடி வச்சீங்கன்னா நாலஞ்சு செடிக்கு ரொம்ப நாள் வரும். ஏசி வெளிய சொட்டுற தண்ணியிலயும் உப்பு கிடையாது, பக்கெட் வச்சுப் பிடிச்சுக்கலாம், ஆனா ஏசி சர்வீஸ் பண்ற அன்னைக்கு வர்ற தண்ணி மட்டும் வேணாம், கெமிக்கல் கலந்திருக்கும். ஆர்ஓ தண்ணியும் நல்லதுதான், ஆனா குழாய் வழியா கழிவா போகுதே அதை வீணாக்க வேணாம்னு நிறைய பேர் செடிக்குத் திருப்பி விடுறாங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி, ஆர்க்கிட் பக்கமே கொண்டு போகாதீங்க. சாஃப்ட்னர் மாட்டின தண்ணியும் அப்படித்தான், அதுல சோடியம் சேர்ந்திருக்கும். காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற வீடா இருந்தா ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி அளந்து பாத்துட்டு ஊத்துங்க.

இப்ப உங்க செடிக்கு: தொட்டியில இருந்து மெதுவா எடுங்க. வேரை ஒவ்வொண்ணா விரலால அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா கொழகொழன்னு அமுங்குனாலோ உள்ள ஒண்ணும் இல்லாம வெறும் தோலா இருந்தாலோ ஸ்பிரிட்ல துடைச்ச கத்திரியால வெட்டிடுங்க. தொட்டிக்குள்ள வேரைச் சுத்தி நிரப்பியிருக்குற பழைய மீடியாவைக் கொட்டிட்டு புதுசா போடுங்க. இதுக்கு எங்கயும் ஆன்லைன்ல ஆர்டர் போடவே தேவையில்ல, நம்ம மாவட்டத்துல மூட்டம் போட்டு எடுக்குற சீமைக்கருவேலங்கரி ஆர்க்கிட்டுக்கு அருமையான பொருள், சீக்கிரம் மக்காது, காத்தோட்டமா நிக்கும். புளியங்கொட்டைக்கும் கொஞ்சம் பெருசா உடைச்சு, சாம்பல் போற வரைக்கும் நல்லா அலசிட்டுப் போடுங்க. அதோட தேங்காய் மட்டையைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கிக் கலந்துக்கலாம். ஆனா மட்டையில இயல்பாவே உப்பு இருக்கும், உப்பங்கழியில ஊறப்போட்ட மட்டையா இருந்தா கேக்கவே வேணாம், அதனால நல்ல தண்ணியில ஊறவச்சு கொட்டி, மறுபடி ஊறவச்சு கொட்டி, மூணு நாலு நாள் செஞ்சுட்டுத்தான் சேர்க்கணும்.

தண்ணி ஊத்துறப்போ தொட்டியோட ஒரு வாளியில பத்து நிமிஷம் வச்சு எடுத்து முழுசா வடிய விடுங்க, அடியில தட்டுல தேங்கவே கூடாது. இலைங்க சேர்ற நடுக்குருத்துல தண்ணி நின்னா டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க, அது அழுகுச்சுன்னா செடி பொழைக்குறது ரொம்ப கஷ்டம். டிவி பக்கத்துல இருந்து எடுத்து கிழக்கு ஜன்னல் ஓரமா, மெல்லிசு திரைக்குப் பின்னாடி வைங்க. புது வேர் பச்சை நுனியோட கிளம்புற வரைக்கும் உரமே வேணாம். அதுக்கப்புறம் 19-19-19 உரம் லிட்டருக்கு அரை கிராம், பத்து நாளைக்கு ஒரு தடவை, உரமும் உப்புதான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. மச்சான் சிங்கப்பூர்ல வேலை பாக்குறாங்க, அங்க ரோட்டோரம் எல்லாம் ஆர்க்கிட்டாம், வர்றப்போ ஒரு செடி கொண்டு வரவான்னு கேக்குறாங்க. எங்க வீட்டு முற்றத்துல வரக்கூடியது எது? நான் இங்க வாங்கின ஃபலனாப்சிஸ் நல்லா இருக்கு, ஆனா ரெண்டாவது தடவை பூக்கவே இல்ல. (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வ அலைக்கும் அஸ்ஸலாம் மா. முதல்ல, பெட்டியில வச்சு கொண்டு வர வேணாம்னு மச்சான்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. வெளிநாட்டுச் செடி உள்ள வரணும்னா நம்ம அரசாங்கத்தோட இறக்குமதி பர்மிட்டும், அந்த நாட்டோட செடி ஆரோக்கியச் சான்றிதழும் வேணும், அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டஸ் ஒப்பந்தத்துக்குள்ள ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் வேற வருது. ஏர்போர்ட்ல எடுத்து வச்சுக்குவாங்க, செடியும் போச்சு மனசும் சங்கடம். அதே ரகங்க இங்கயே நர்சரியில கிடைக்குது.

ஆனா மச்சான் கவனிச்சது ரொம்ப சரியான விஷயம். சிங்கப்பூரோட தேசிய மலரே ஆர்க்கிட்தான், வாண்டா மிஸ் ஜோக்கிம், 1893ல ஆக்னஸ் ஜோக்கிம்ங்கிற அம்மாவோட பேர்ல வெளிய தெரிஞ்ச கலப்பினம், 1981ல தேசிய மலரா அறிவிச்சாங்க. அந்த ஊர்லயும் ராத்திரி சூடு நம்ம ஊர் மாதிரிதான், பெருசா குளிரே வராது. அங்க வெளியில தழைக்கிற வாண்டா, மொக்காரா, டென்ட்ரோபியம் எல்லாம் நம்ம கடலோரத்துக்கும் ஒத்து வரும். வித்தியாசம் மழைதான், அங்க வருஷம் பூரா பேயுது, இங்க ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும், மத்த மாசம் நீங்கதான் நல்ல தண்ணி கொடுக்கணும்.

ஃபலனாப்சிஸ் பூக்காததுக்குக் காரணமும் இந்த ராத்திரிச் சூடுதான். அது பூத்தண்டு விடணும்னா சில வாரம் தொடர்ந்து 25, 26 டிகிரிக்குக் கீழ இருக்கணும், 28க்கு மேலயே இருந்துச்சுன்னா இலையாத்தான் விட்டுக்கிட்டிருக்கும். மார்கழி, தை மாசத்துல ஏசி போடுற பெட்ரூம்ல, நேரா காத்து படாத மூலையில, பகல்ல வெளிச்சம் வர்ற மாதிரி வச்சுப் பாருங்க. தண்டு கிளம்புனா பூக்க இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும். மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பவே கூடாது, பூ வெளிச்சத்தைப் பாத்துத் திரும்பும், நடுவுல மாத்துனா ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம்னு கோணலா நிக்கும்.

உங்க முற்றத்துல வெளிச்சம் நல்லா விழும்ங்கிறதால வாண்டாவையே வாங்குங்க. மீடியாவே வேணாம், மரச்சட்டக் கூடையில வேரைத் தொங்க விட்டுட்டு தினமும் காலையில நல்ல தண்ணியில வேரை நனைச்சா போதும்.

கேள்வி: தொட்டியில கரிக்குப் பதிலா கடற்கரையில கிடக்குற பவளக்கல்லும் சிப்பியும் போட்டா பாக்க அழகா இருக்குமே, போடலாமா? (பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: வேணாம் தம்பி. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்குற உயிரினம், 2001ல இருந்து. ஒதுங்கிக் கிடந்ததைத்தான் எடுத்தேன்னு சொன்னாலும் வச்சிருக்குறது குத்தம்தான். நம்ம மன்னார் வளைகுடாவுல பவளத்தை வெட்டி சுண்ணாம்புக்குன்னு அள்ளினது போதும், மிச்சம் இருக்குறதாவது இருக்கட்டும். செடிக்கும் அது ஆகாது, பவளமும் சிப்பியும் சுண்ணாம்புதானே, லேசான புளிப்புத்தன்மை கேக்குற ஆர்க்கிட் வேருக்கு அது நேர் எதிர். அழகுக்கு வேணும்னா பழைய ஓட்டுச்சில்லு போடுங்க, செவப்பா இருக்கும், ஈரமும் பிடிக்கும்.

கேள்வி: புது வீடு குடி போறோம். ஹால்ல ஆர்க்கிட்டை எப்படி அழகா வைக்குறது? செடியாவும் இருக்கு, வெட்டின பூவும் வாங்குறதா இருக்கோம். (தொண்டியிலிருந்து ஒரு தம்பதி)

பதில்: வாழ்த்துகள். செடியை எல்லாம் சேர்த்து ஒரே தொட்டியில நட்டுடாதீங்க, அவங்கவங்க தொட்டியிலேயே இருக்கட்டும். வீட்டுல பழைய பித்தளை அண்டா இருந்தா தேய்ச்சு எடுங்க, உள்ள சிரட்டையைக் கவுத்துப் போட்டு அது மேல தொட்டிகளை வைங்க, பின்னாடி உசரமா, முன்னாடி தணிவா. சிரட்டைக்குக் கீழ தண்ணி வடிஞ்சு நின்னாலும் வேருல படாது. இடுக்குல நல்லா அலசின தேங்காய் நாரைச் செருகி மூடிட்டா தொட்டி வெளிய தெரியாது. கூட ரெண்டு பெரணிச் செடி வச்சா போதும், குரோட்டன்ஸ் வேணாம், அந்த நிறத்துல ஆர்க்கிட் பூ எடுபடாது.

வெட்டின பூன்னா கல்யாண மேடையில பாக்குறோமே ஊதாவும் வெள்ளையுமா, அந்த சோனியா டென்ட்ரோபியம்தான் ஈஸியா கிடைக்கும். கொத்துக் கொத்தா திணிக்காம ஒரு செம்புல மூணு தண்டு, ஒண்ணுக்கொண்ணு உசரம் மாத்தி வைங்க, அது வளைஞ்சு நிக்குற அழகே தனி. தண்டு நுனியைச் சாய்வா வெட்டி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்தி, மறுபடி கொஞ்சம் வெட்டி விட்டா வாரத்துக்கு மேல நிக்கும். ஒண்ணு மட்டும், குடிபுகுற அன்னைக்கு பழத்தட்டு, வாழைத்தார் எல்லாம் ஹால்லதானே இருக்கும், அதுக்குப் பக்கத்துல பூவை வைக்காதீங்க. பழுக்குற பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும், ஆர்க்கிட் மொட்டு அதுக்கு ரொம்ப சீக்கிரம் வாடி உதிரும். சாம்பிராணிப் புகையும் தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: இலைக்கு அடியில வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கு, எறும்பும் வருது. (ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மாவுப்பூச்சி. மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி காதுக்குடையுற பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணா துடைச்சு எடுங்க, வாரம் ஒரு தடவை, மூணு நாலு வாரம் விடாம செய்யணும். இலை தண்டைப் பிடிக்கிற இடுக்குலதான் ஒளிஞ்சிருக்கும். எறும்பு அதைப் பாதுகாக்க வருது, அதனால எறும்பு வர்ற வழியையும் அடைச்சிடுங்க.

கேள்வி: கச்சான் காத்து காலத்துல ஜன்னலைத் திறந்தா இலை எல்லாம் பிசுபிசுன்னு ஆகுது. மூடி வச்சா செடி புழுங்குது. அப்புறம் டென்ட்ரோபியத்துல இலையே இல்லாத பழைய தண்டு ரெண்டு நிக்குது, வெட்டிடலாமா? (தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அந்தப் பிசுபிசுப்பு கடல் உப்புங்க. காத்து அடிக்கிற பக்கத்து ஜன்னலை மூடிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைங்க, ஃபேனைக் கம்மி வேகத்துல ஓட விடுங்க, ஆர்க்கிட்டுக்கு அசையுற காத்து கட்டாயம் வேணும். வாரம் ஒரு தடவை காலையில மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ தொட்டு ஈரத்துணியால இலையைத் துடைங்க, சாயங்காலம் வேணாம், ராத்திரி ஈரம் நின்னா பூஞ்சை வரும்.

பழைய தண்டை வெட்டாதீங்க. இலை உதிர்ந்தாலும் அதுக்குள்ள தண்ணியும் சத்தும் சேர்ந்திருக்கும், புதுத்தண்டு அதை இழுத்துத்தான் வளரும், சில சமயம் அந்த மொட்டைத் தண்டுலயே மறுபடி பூக்கும். சுருங்கிக் காஞ்சு சருகாகி, அமுக்குனா வெறும் கூடா இருந்தா மட்டும் எடுத்துடுங்க. மேல் கணுவுல வேரோட குட்டி விட்டிருந்தா, வேர் விரல் நீளம் வந்ததும் கணுவோட சேர்த்து வெட்டித் தனித்தொட்டியில வச்சுக்கலாம்.