கழன்று விழும் கிரவுண்

கேள்வி: ஒரே நோயாளிக்கு வைத்த சிர்கோனியா கிரவுண் (பல்லின்மேல் மாட்டும் கடினமான செராமிக் உறை) இரண்டு தரம் கழன்றுவிட்டது. வாயில் பொருத்திப் பார்த்தபின் உட்புறத்தை நீல நிறப் பொஸ்போரிக் அமில ஜெல்லால் சுத்தம் செய்து, சிலேன் (சிலிக்கா உள்ள பொருளையும் ரெசினையும் இணைக்கும் திரவம்) பூசி, ரெசின் சீமெந்தால்தான் ஒட்டினேன். பிழை எங்கே?
- பல் வைத்தியர், கிளிநொச்சி

பதில்: கழன்ற கிரவுணைக் கவிழ்த்துப் பாருங்கள். சீமெந்து பல்லிலேயே நிற்க, கிரவுணின் உள் பளிச்சென்று இருந்தால் ஒட்டாமல் போனது சிர்கோனியாப் பக்கம். உங்கள் செய்முறைக்கு அப்படித்தான் இருக்கும். சீமெந்து கிரவுணோடு வந்திருந்தால் பல்லின் பக்கம் பாருங்கள்: ஈரம், இரத்தம், அல்லது தற்காலிகச் சீமெந்தில் இருந்த யூஜினோல் (கராம்பு எண்ணெயின் முக்கிய பொருள்).

சிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி கிடையாது. சிலேன் பிடிக்க அங்கே சிலிக்கா இல்லை. பொஸ்போரிக் அமிலமோ கெடுதலே செய்யும். பொஸ்பேற்று மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, எம்.டி.பி. பிரைமர் (சிர்கோனியாவையும் ரெசினையும் பிணைக்கும் பூச்சு) உட்காரவேண்டிய இடத்தைப் பிடித்துவிடும். எச்சிலிலும் அதே பொஸ்பேற்று உண்டு. ஆய்வுகூடத்தில் மணலடித்து (நுண்துகளைக் காற்றால் வீசி உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி) அனுப்பியிருந்தாலும், வாயில் வைத்துப் பார்த்ததும் அந்த வேலை வீண்.

ஆகவே பொருத்திப் பார்த்து முடித்த பிறகே மணலடியுங்கள்: 50 மைக்ரோன் அலுமினா, 1 முதல் 2 பார் அழுத்தம், 10 மி.மீ. தூரம். உட்புறத்தில் முதலில் பென்சிலால் கிறுக்கிவிட்டால், கிறுக்கல் அழியாத இடம் அடிபடாத இடம் என்று தெரியும். கடைசியாகக் கழுவுவது காய்ச்சி வடித்த நீரில். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதைக் கண்டிருப்பீர்கள்; அது கிரவுணுக்குள்ளும் படியக்கூடாது. காயவைத்து, எம்.டி.பி. பிரைமர் பூசி ஒட்டுங்கள். கடைவாய்ப் பல்லைச் செதுக்கியபின் நிற்கும் கட்டை 4 மி.மீ. உயரம்கூட இல்லையென்றால் பசையை மட்டும் நம்பவேண்டாம்.

லித்தியம் டைசிலிக்கேற்று என்ற கண்ணாடிச் செராமிக்கில் செய்த கிரவுணுக்குக் கணக்கு வேறு. 5 வீத ஐதரோபுளோரிக் அமிலம் 20 செக்கன், நன்றாகக் கழுவிக் காயவைத்து, சிலேன் 60 செக்கன். சிலேன் பால்போலக் கலங்கியிருந்தால் போத்தலை வீசிவிடுங்கள். ஐதரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே இறங்கும். கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் மேசையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: கழன்ற கிரவுணை சுப்பர் குளூ போட்டு ஒட்டலாமா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். ஒரு மயிரளவு உயர்ந்து உட்கார்ந்தாலே கடி மாறும். பிறகு அதை வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும். சின்ன டப்பாவில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உள்ளே ஒட்டியிருப்பதை ஊசியால் சுரண்டாதீர்கள். ஏன் கழன்றது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.