யாங் டோங்-கன்: உல்சானின் 6-ஆம் எண் (கேள்வி பதில்)

தென்கொரியாவின் கூடைப்பந்து லீக்கான கேபிஎல்லில் உல்சான் மோபிஸ் அணிக்காக மட்டுமே 14 சீசன் ஆடி, 2020-இல் ஓய்வு பெற்ற பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய்த் தாக்குதலை நடத்துபவர்) யாங் டோங்-கன் பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: அண்ணா, அவர் அசல் பாயிண்ட் கார்டே இல்லைன்னு சிலர் சொல்றாங்களே?

பதில்: பாஸை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. 2001-02-இல் புதுமுக விருதையும் எம்விபியையும் (மிகச் சிறந்த வீரர் விருது) ஒரே சீசனில் வாங்கிய கிம் சுங்-ஹியோனின் கை வித்தை யாங்கிடம் கிடையாது. ஆட்டத்துக்கு 11.8 புள்ளி, 5 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுக்கும் பாஸ்), அவ்வளவுதான் சராசரி. அவருடைய சம்பாத்தியம் மறுமுனையில், தடுப்பாட்டத்தில். எதிரணி கார்டை அரைக்கோட்டுக்கு முன்பே நெஞ்சு கொடுத்து மறித்துவிடுவார். 8 நொடிக்குள் பாதி ஆடுகளத்தைக் கடக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அவன் எப்படியோ கடந்துவிடுவான். ஆனால் 7 நொடி அதிலேயே கரைந்தால் ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 நொடியில் மிச்சம் 17. செட் ஆட்டம் (முன்பே திட்டமிட்ட தாக்குதல்) முதல் முறை சொதப்பினால் இரண்டாவதுக்கு நேரம் இருக்காது. எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறாத வேலை இது.

கேள்வி: மோபிஸ் அவரை எப்படிப் பிடித்தது?

பதில்: 2004 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வு ஜியோன்ஜு கேசிசியுடையது. வெளிநாட்டு வீரர் ஒருவர் கைமாறிய பேரத்தில் அது மோபிஸுக்கு வந்தது. கேசிசி ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண்.

கேள்வி: என் மகன் பள்ளி அணியில் கார்டு. அவர் ஆட்டத்தைப் பார்த்து எதைக் கற்கலாம், சார்?

பதில்: ஸ்கிரீனைப் பயன்படுத்துவது, அதாவது உயரமான சக வீரர் அசையாமல் நின்று தடுப்பவரை மறிக்கும்போது அவரை ஒட்டிக் கடப்பது. உயரமான ஆள் வந்து நிற்கும்வரை நகரவே கூடாது. முந்திக் கிளம்பினால் ஸ்கிரீன் போடுபவர் அசைந்துகொண்டே மறிப்பார்; ஃபௌல் அவர் தலையில் விழும். முதலில் எதிர்த்திசையில் ஒரு எட்டு வைத்துத் தடுப்பவரை இழுக்க வேண்டும். பிறகு தன் தோள் ஸ்கிரீன் போட்டவரின் இடுப்பை உரசுகிற நெருக்கத்தில் திரும்ப வேண்டும். நடுவே ஒரு ஆள் நுழையும் இடைவெளி விட்டால் அந்த ஸ்கிரீன் வீண். கடந்ததும் இரண்டு டிரிபிளுக்குள் (பந்தைத் தரையில் தட்டுவது) முடிவு: தடுப்பவர் ஸ்கிரீனுக்குப் பின்பக்கமாகச் சுற்றினால் அங்கேயே ஷாட், எதிரணி சென்டர் (கூடையருகே நிற்கும் உயரமான வீரர்) வெளியே வந்தால், கூடையை நோக்கி ஓடும் தன் ஆளுக்குத் தரையில் தட்டி பாஸ். மூன்றாவது டிரிபிள் போட்டால் இரண்டு பேர் சூழ்ந்துவிடுவார்கள். யாங் இதில் அலங்காரம் எதுவும் செய்யமாட்டார், அதனால்தான் சிறுவர்களுக்கு ஏற்ற பாடம்.

கேள்வி: 2007 சாம்பியன் பட்டத்துக்குப் பிறகு இரண்டு சீசன் காணோமே, காயமா?

பதில்: இல்லை, ராணுவச் சேவை. ராணுவ விளையாட்டு அணியான சாங்முவில் இருந்தார். அவர் இல்லாத 2007-08-இல் மோபிஸ் 10 அணிகளில் 9-ஆவது. திரும்பிவந்து முழுதாக ஆடிய 2009-10-இல் மறுபடி பட்டம். ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினால் சேவையில் சலுகை உண்டு. ஆனால் அவர் தங்கம் வாங்கியது 2014-இல். அந்தச் சலுகை இளையவர்களுக்குத்தான் பயன்பட்டது.

கேள்வி: அந்த 2014 இறுதி ஆட்டம் பற்றி?

பதில்: இன்சியோன், எதிரே ஈரான். ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமிருக்க, கொரியா 70-75 என்று பின்தங்கியிருந்தது. யாங்கின் மூன்று புள்ளி ஷாட் விழுந்து 73-75. அடுத்து கிம் ஜோங்-க்யு கூடை போட்டு, ஃபௌலும் வாங்கி, ஃப்ரீ த்ரோவையும் போட 76-75. முடிவு 79-77.

கேள்வி: விருதுக் கணக்கு?

பதில்: பட்டம் 6, வழக்கமான சீசன் எம்விபி 4. முதலாவது 2005-06-இல் இன்னொரு வீரர் சியோ ஜாங்-ஹூனுடன் பங்கிட்டது. கடைசி 2015-16-இல், 34 வயதில். அசிஸ்ட், ஸ்டீல் (பந்துப் பறிப்பு) மொத்தக் கணக்கில் முதலிடம் அவருக்கல்ல, 1,029 ஆட்டம் ஆடிய ஜூ ஹீ-ஜுங்குக்கு.

கேள்வி: கடைசி சீசன் எப்படி முடிந்தது? அதன்பிறகு?

பதில்: 2019-20 சீசன் கொரோனாவால் மார்ச்சிலேயே நின்றுபோனது, பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) இல்லை. சில நாளில் ஓய்வு அறிவித்தார். அவர் அணிந்த 6-ஆம் எண்ணை மோபிஸ் வேறு யாருக்கும் தருவதில்லை. 2025-இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார்.