மூச்சுப் பரிசோதனைக்கு முன் ஒமெப்ரசோலை ஏன் நிறுத்த வேண்டும்?

பலதுறை மருந்தகத்தில் தந்த ஒமெப்ரசோல் (இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து) வயிற்றெரிச்சலை அடக்கிவிட்டது, பிறகு ஏன் பரிசோதனைக்காக அதை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சோதனை தேடுவது, இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியின் யூரியேஸ் என்ற நொதியை. நிக்கல் அணுக்களைத் தாங்கிய இந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். அம்மோனியா அமிலத்தைத் தணிப்பதால்தான் கிருமி இரைப்பையில் பிழைக்கிறது. கெட்டிக்காரக் கிருமி!

கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) கலந்த யூரியாவை (பெரும்பாலும் 75 மில்லிகிராம்) விழுங்கச் செய்து, முன்னும் ஏறத்தாழ 30 நிமிடம் கழித்தும் மூச்சை ஒரு பையில் பிடிப்பார்கள். நொதி உடைத்த யூரியாவின் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வரும் என்பதால், பின்னதில் கார்பன்-13 கூடியிருந்தால் கிருமி இருக்கிறது.

ஒமெப்ரசோல் கிருமியின் எண்ணிக்கையையும் நொதியின் வேகத்தையும் குறைக்கும், ஆனால் கிருமியை ஒழிக்காது. முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரும். அதனால் அதற்கு 2 வார இடைவெளி, ஆன்டிபயாட்டிக்குக்கு 4 வாரம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், குறிப்பாகப் புண்ணில் ரத்தம் கசிந்திருந்தால்.

வாயிலுள்ள பாக்டீரியாவுக்கும் யூரியேஸ் உண்டு. கரைசலை வாயில் வைத்திருந்தால் பொய்யாக 'உண்டு' என்று காட்டலாம், சட்டென்று விழுங்குங்கள். வெறும் வயிறு அவசியம். வழியில் உணவங்காடியில் ஒரு தேநீர் என்பதும் கூடாது.