மனைவிக்கு வாட்ச் வாங்கும் முன் அவருடைய பழைய வாட்சைப் பாருங்கள்

கேள்வி: என் மனைவி பள்ளி ஆசிரியை. அடுத்த மாதம் எங்களுக்குப் பத்தாவது திருமண நாள். அவளுக்குத் தெரியாமல் நல்ல வாட்ச் ஒன்று வாங்கித் தர ஆசைப்படுகிறேன். ஒரு வருடமாக அவள் வாட்சே கட்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்த பேட்டரி வாட்ச் நின்றுபோய் மேசை டிராயரில் கிடக்கிறது. நான் மூன்று வாட்ச் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஆட்டோமேட்டிக். 41 மி.மீ. டயல், பின்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே சுழல்வதெல்லாம் தெரியும், பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகு. இரண்டாவது, தங்க முலாம் பூசிய சின்ன பேட்டரி வாட்ச். மூன்றாவது ஸ்மார்ட்வாட்ச். எனக்கு முதலாவது மேல்தான் மனசு. எதை வாங்கலாம்? விலை கூடியதாக இருந்தால்தான் மதிப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பத்தாண்டு நிறைவுக்கு உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள்.

மூன்று வாட்சுகளைப் பற்றியும் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் கண் போய் நின்றது டிராயரில் கிடக்கும் அந்த நான்காவது வாட்ச் மேல். அப்பா வாங்கிக் கொடுத்ததை அவர் ஏன் ஒரு வருடமாகக் கட்டவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புது வாட்ச் வாங்க வேண்டாம்.

அவரிடமே கேளுங்கள். பரிசு ரகசியம் இதனால் உடைந்துவிடாது. ‘அப்பா கொடுத்த வாட்சை ஏன் இப்பல்லாம் கட்டுறதில்லை?’ என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் போதும். ‘செல் போடக் கடைக்குப் போக நேரமே கிடைக்கலை’ என்று சொல்லலாம். ‘முள் எங்கே இருக்குன்னே தெரியமாட்டேங்குது’ என்று சொல்லலாம். ‘ஸ்ட்ராப் பட்ட இடமெல்லாம் அரிக்குது’ என்றும் இருக்கலாம். இந்த மூன்று பதிலுக்கும் நீங்கள் வாங்க வேண்டிய பொருள் வேறு வேறு. முதல் பதில் வந்தால், பழையதைச் சரிசெய்து, நல்ல ஸ்ட்ராப் ஒன்றை மாற்றித் தருவதே அவரை அதிகம் மகிழ்விக்கலாம். விலை குறைந்த பரிசு என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். தீர்ந்துபோன செல் வாட்சுக்குள்ளேயே கிடந்தால் நாளடைவில் கசியும். கசிந்தது உள்ளிருக்கும் சர்க்யூட்டையும் சின்னச் சின்னப் பற்சக்கரங்களையும் அரித்துவிடும். ஏற்கெனவே ஒரு வருடம் ஆகிவிட்டது. ‘செல் உள்ளேயே இருந்தா கெட்டுப்போயிடும், எடுத்துடலாமா?’ என்று கேட்டு, இந்த வாரமே வாட்ச் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே கெட்டிருந்தாலும் பதற வேண்டாம். பெரும்பாலான பேட்டரி வாட்சுகளில் டயலையும் முட்களையும் கூட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் மாற்றிவிட முடியும். ஆனால் அவரைக் கேட்காமல் பாலிஷ் போடுவது, கண்ணாடியை மாற்றுவது போன்ற வேலைகள் வேண்டாம். அதில் இருக்கும் கீறல்கூட அவருக்கு வேண்டியதாக இருக்கலாம்.

சரி, பழையது ஓட ஆரம்பித்துவிட்டது, இருந்தாலும் புதியது ஒன்று வாங்கித் தர வேண்டும் என்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தாராளமாக வாங்குங்கள். ஒருவருக்கு இரண்டு வாட்ச் இருப்பதில் என்ன தவறு? பழையதன் இடத்தைப் பிடிக்க வந்ததுபோல மட்டும் இருக்கக் கூடாது. அது வட்டம் என்றால் இது சதுரமாக இருக்கட்டும். அது செயின் என்றால் இது தோல் ஸ்ட்ராப்பாக இருக்கட்டும்.

அளவு எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் அந்தப் பழைய வாட்சே போதும். வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள். ஸ்ட்ராப்பில் எந்தத் துளை இழுபட்டு நீண்டிருக்கிறது, எந்த இடத்தில் மடிப்புத் தடம் விழுந்திருக்கிறது? வாட்சைத் தட்டையாக விரித்து வைத்து, பக்கிளிலிருந்து அந்தத் துளை வரைக்கும் வாட்சையும் சேர்த்து அளந்தால் மணிக்கட்டின் சுற்றளவு ஏறக்குறையக் கையில் வந்துவிடும். ஸ்கேலை வைத்து டயல் கூட்டின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நேரம் வைக்கும் குமிழைச் சேர்க்க வேண்டாம். பிறகு ஸ்ட்ராப் மாட்டுகிற மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் வாட்ச் பெரிதாகத் தெரிவதும் பொருந்தி உட்கார்வதும் இந்த நீளத்தைப் பொறுத்ததுதான்; பலரும் டயல் அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த முனைகள் மணிக்கட்டின் மேல்பரப்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றால், எவ்வளவு அழகான வாட்சாக இருந்தாலும் சட்டைக் கை விளிம்பில் மாட்டும், மேசையில் இடிக்கும், இரண்டே வாரத்தில் கழற்றி வைக்கத் தோன்றும்.

அடுத்து கண்ணாடியைப் பாருங்கள். நிறையக் கீறல் இருக்கிறதா? சிலர் டயலை மணிக்கட்டின் உள்பக்கம் வரும்படி கட்டுவார்கள். உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்போது அந்தக் கண்ணாடி மேசை விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். உங்கள் மனைவியும் அப்படிக் கட்டுபவர் என்றால், மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் கண்ணாடியில் பிடிக்காதீர்கள். சஃபையர் கண்ணாடி கேட்டு வாங்குங்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, சஃபையர் 9. அன்றாட உரசலில் அதில் கோடு விழாது. ஓங்கி அடித்தால் உடையும் என்பதும் உண்மைதான். சாதாரண மினரல் கண்ணாடி உடைவதில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கீறல் மட்டும் வேகமாக விழும்.

இப்போது உங்கள் மனம் கவர்ந்த ஆட்டோமேட்டிக்குக்கு வருகிறேன். எனக்கும் அவற்றின் மேல் பிரியம் உண்டு. கையை வீசி நடக்கும்போதெல்லாம் உள்ளே ஓர் அரைவட்ட எடை சுழன்று, சுருள்வில்லை முறுக்கிவிடுகிறது. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை, நம் கை அசைவிலேயே ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல என்று நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் அதை உங்கள் மனைவியின் வாரத்துக்குள் வைத்துப் பாருங்கள். வெள்ளி மாலை வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைக்கிறார். இந்த வகையில் பலவும் கழற்றிய பிறகு 40 மணி நேரம் போல ஓடி நின்றுவிடும். திங்கள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றிருக்கும். நேரம் வைக்க வேண்டும், தேதியைத் திருப்ப வேண்டும். ஓடும் நாட்களிலும் ஒரு நாளைக்குப் பத்து, இருபது விநாடி முன்பின் ஆவது சகஜம். பேட்டரி வாட்ச் ஒரு மாதம் முழுக்க ஓடினாலும் பிசகுவது அந்த அளவுதான். காரணம் எளிது. ஆட்டோமேட்டிக்கில் நேரத்தை எண்ணுவது விநாடிக்கு ஆறு அல்லது எட்டு முறை துடிக்கும் ஒரு சின்னச் சக்கரம். பேட்டரி வாட்சில் எண்ணுவது விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் கடிகாரத் தொழிலே புரண்டுபோனது இதனால்தான். மணி அடித்துப் பாடம் தொடங்கி, மணி அடித்துப் பாடம் முடிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போடும் செலவும் ஆட்டோமேட்டிக்கில் உண்டு. ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை போன்ற காந்தமுள்ள பொருட்களின் பக்கத்திலேயே வைத்துப் பழகினால் வேகமாக ஓடத் தொடங்கிவிடும்.

நீங்கள் ரசித்த அந்தப் பின்கண்ணாடி, கட்டியிருக்கும் நேரம் முழுவதும் அவருடைய தோலோடு ஒட்டித்தான் இருக்கும். கழற்றினால்தான் தெரியும். கழற்றிப் பார்த்து மகிழப்போவது யார்? கடிதத்தைப் படித்தால் நீங்கள்தான் என்று தோன்றுகிறது. அந்த வாட்சை ஒருநாள் உங்களுக்கென்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முழுத் தகுதியும் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் மனைவிக்கும் இதுபோன்ற இயந்திரங்களில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால் நான் சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு வாங்கிக் கொடுங்கள். ஆர்வம் இருப்பவருக்கு திங்கட்கிழமை நேரம் வைப்பது தொந்தரவே இல்லை.

41 மி.மீ. பெண்களுக்குப் பெரிது என்று கடையில் யாராவது சொன்னால், அதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதல் உலகப் போர் வரைக்கும் கைக்கடிகாரம் என்பதே பெரும்பாலும் பெண்கள் அணியும் நகையாகத்தான் இருந்தது. ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாத சிப்பாய்கள் கையில் கட்டத் தொடங்கிய பிறகுதான் ஆண்களிடம் அது பரவியது. ஆகவே ‘ஜென்ட்ஸ்’, ‘லேடீஸ்’ என்று எழுதியிருக்கும் அலமாரியைப் பார்க்க வேண்டாம். நீங்கள் அளந்து வைத்திருக்கும் அளவைப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு, மூன்று மி.மீ. கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

தங்க முலாம் வாட்ச் விழா நாட்களுக்குச் சரி. தினமும் கட்டினால் வியர்வையும் உரசலும் படும் ஓரங்களில், முக்கியமாக பக்கிளிலும் ஸ்ட்ராப் மாட்டும் முனைகளிலும், முலாம் முதலில் போய்விடும். தினசரிப் பயன்பாட்டுக்கு வெறும் ஸ்டீல்தான் நீண்ட நாள் முகம் மாறாமல் இருக்கும். கவரிங் கம்மல் போட்டால் அவருக்குக் காது அரிக்குமா? அப்படியென்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு உண்டு. டைட்டானியம் வாட்ச் பாருங்கள், எடையும் குறைவு.

ஸ்மார்ட்வாட்ச் அவராக வாய்விட்டுக் கேட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, சிலவற்றில் வாரம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். சில வருடங்களில் நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பதை நிறுத்திவிடும், பேட்டரியும் தளர்ந்துவிடும். பத்தாண்டு நிறைவின் நினைவாகக் கொடுப்பது அதைவிட நீண்ட நாள் வாழட்டுமே. அது மட்டுமில்லை, கேட்காமல் கணவர் வாங்கித் தரும் ‘நடையை எண்ணும்’ கருவி, ‘நீ எடை குறைக்க வேண்டும்’ என்று சொல்வதுபோல அவர் காதில் விழுந்துவிடலாம். திருமண நாளன்று அது வேண்டாம்.

ஆக, உங்கள் மூன்றிலும் எதையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் தேடுவது: பேட்டரியில் அல்லது வெளிச்சத்தில் சார்ஜ் ஆகி ஓடும் வாட்ச், வெளிர் நிற டயல், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும் தெளிவான எண்கள், நொடிமுள், சஃபையர் கண்ணாடி. தண்ணீர் தாங்குவதற்கு 50 மீட்டர் என்று போட்டிருக்கட்டும். அந்த எண்ணை வைத்து அத்தனை மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 30 மீட்டர் என்றால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலடிக்க வேண்டுமென்றால் 100 மீட்டர். எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும் வெந்நீர்க் குளியலுக்குக் கழற்றிவிட வேண்டும். சூடும் நீராவியும் உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். குறிப்பிட்ட ஒரு கட்டம் வரைக்கும் விலை கூடக் கூட கண்ணாடி, பக்கிள், தண்ணீர்த் தடுப்பு என்று கையில் தெரிகிற தரம் கூடும். அதைத் தாண்டினால் பெயருக்கும் நுணுக்க வேலைப்பாட்டுக்கும்தான் பணம். நேரம் அதனால் கூடுதல் துல்லியமாகிவிடாது. கடன் வாங்கி அந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டாம், அவருக்கு அது தெரிந்தால் வாட்ச் கட்டும்போதெல்லாம் உறுத்தும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில், முத்திரையிட்ட வாரன்டி அட்டையோடு வாங்குங்கள். செயின் வாட்ச் என்றால் கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள், பின்னாளில் தேவைப்படும்.

பின்பக்கம் திருமணத் தேதியைப் பொறிக்க நினைத்தால், அதைக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடாதீர்கள். பொறித்ததைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, பில்லை வாட்சோடு சேர்த்து அவர் கையில் கொடுத்து, ‘பிடிக்கலைன்னா ரெண்டு பேருமா போய் மாத்திக்கலாம்’ என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் சில வாரம் கட்டிப் பார்க்கட்டும். பிடித்துப்போனால் அப்புறம் இருவருமாகப் போய்த் தேதியைப் பொறித்துக்கொண்டு வாருங்கள்.