இரண்டு ஐம்பது சதவீதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிச்சயமின்மையில் பல வகை உண்டு, அவற்றைக் கலக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றுகிறது. சோதித்துப் பார்த்த நேர்மையான நாணயத்தில் தலை விழ 50 சதவீத வாய்ப்பு. எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாத நாணயத்துக்கும் 50 சதவீதம்தான் சொல்வோம். எண் ஒன்றேயானால் வகை எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே ஒரு முறை சுண்டுவதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றால் உங்களை மறுக்க வழியில்லை. இரண்டாம் முறை சுண்டும்போதே இரண்டு நாணயங்களும் பிரிந்துவிடுகின்றன.

நேர்மையான நாணயத்தில் இரு முறையும் தலை விழும் நிகழ்தகவு 1/4. அறியாத நாணயத்தின் சாய்வு, அதாவது தலை விழும் நிகழ்தகவு, 0 முதல் 1 வரை எதுவாகவும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று கொண்டால், விடை 1/3. முதலில் விழுந்த தலை அந்த நாணயத்தின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் கோள் சொல்லிவிடுகிறது. நேர்மையான நாணயத்தைப் பற்றிச் சொல்லக் கோள் எதுவும் மிச்சமில்லை. 100 முறை சுண்டினால் வேறுபாடு கண்ணை உறுத்தும். முதல் நாணயத்தில் தலைகள் 40 முதல் 60 வரை விழ ஏறத்தாழ 96 சதவீத வாய்ப்பு. இரண்டாவதில் 0 முதல் 100 வரை எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே வாய்ப்பு என்பதால், அதே வரம்புக்குள் விழ 21 சதவீதம்கூட இல்லை. தொடர்ந்து 10 தலைகள் விழுந்த பிறகு, அடுத்ததும் தலையாக இருக்கும் வாய்ப்பு முதலாவதில் அதே 1/2. இரண்டாவதிலோ, பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே தந்த விதிப்படி, 11/12.

ஆக, தரவு சேரச் சேர அறியாமை கரையும், தற்செயல் கரையாது. சிறிய தரவிலிருந்து சாய்வை ஒற்றை எண்ணாக மதிப்பிட்டு, அதையே உண்மை என்று வைத்துக்கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அவற்றின் பிழை வரம்புகள் தற்செயலை மட்டும் கணக்கில் எடுத்து, அறியாமையை ஓசையின்றி விட்டுவிடுகின்றன.

தரவு எவ்வளவு சேர்ந்தாலும் தானாகக் கரையாத இன்னொன்றும் உண்டு: கணக்கின் அடித்தளமே தவறாக இருப்பது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் அஞ்சலில் நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. அத்தனை பதில்களுக்குக் கூறெடுப்புப் பிழை (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் தற்செயலாக வரும் பிழை) 0.1 சதவீதத்துக்கும் கீழேதான். ஆனால் ரூஸ்வெல்ட்டின் வாக்கு விகிதத்தில் இதழ் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் தவறியது. தோற்பார் என்று அது சொன்னவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து வந்தவை; பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி வாக்களிப்பவர்கள் அல்ல. இன்னொரு 20 லட்சம் பதில்கள் அதே வழியில் வந்திருந்தாலும் பிழை அப்படியேதான் நின்றிருக்கும்.

என்னைத் தாக்க வேண்டுமென்றால் அந்த 1/3இல் தொடங்குங்கள். ‘சம வாய்ப்பு’ என்பது நான் கொண்டுவந்து வைத்த அனுமானம். பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜெஃப்ரீஸ் பரிந்துரைத்த முன்பரவலை (சுண்டும் முன்பே சாய்வைப் பற்றி நாம் கொள்ளும் அனுமானத்தை) வைத்தால் அதே கேள்விக்கு 3/8 வருகிறது. முதல் சுண்டலுக்கு அப்போதும் 50 சதவீதம்தான்.